ஒரு மாதத்தின் பிளாஸ்டிக் கணக்கு

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியது. பேசியபடியே, சில இடங்களில் மட்டும் திருத்தி எழுதித் தந்திருக்கிறேன்.)



"சார், வீட்டில் பிளாஸ்டிக்கைக் குறைப்பது பற்றி ஒரு பத்து நிமிஷம் பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் விஞ்ஞானி இல்லை. பி.காம். படித்துவிட்டு முப்பத்தாறு வருடம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். எதையும் நாள்வழியில் எழுதுவது, மாதக் கடைசியில் கூட்டிப் பார்ப்பது. அதையே இந்த விஷயத்திலும் செய்தேன். அந்தக் கணக்கைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

போன செப்டம்பர் மாதம் முதல் தேதி, சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பழைய டைரியைக் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். வீட்டுக்குள் வந்து, ஒரே தடவை பயன்பட்டு, குப்பைக்குப் போகிற பிளாஸ்டிக் எதுவானாலும் ஒரு கோடு. பக்கெட், டப்பா, நாற்காலி இதெல்லாம் கணக்கில் இல்லை. வீட்டில் நாங்கள் ஐந்து பேர்: நான், என் மனைவி, மகன், மருமகள், முதல் வகுப்புப் படிக்கும் பேரன். கோடு போடுவதில் பேரனைப் போல் கண்டிப்பான ஆடிட்டரை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை. சாக்லேட் காகிதத்தை நான் சட்டைப் பையில் வைத்தால்கூடக் கண்டுபிடித்துவிடுவான்.

முப்பது நாளில் 291 கோடு விழுந்தது.

அதில் பால் கவர் மட்டும் 60. ஓட்டலிலிருந்து பார்சலாக வரும் டப்பா, மூடி, சாம்பார் கவர், சட்னி கவர், கரண்டி எல்லாம் சேர்த்து 46. பேரனின் பிஸ்கட், சிப்ஸ், எங்கள் மிக்சர் பாக்கெட்டுகளையும் சேர்த்து 41. பருப்பு, மாவு, உப்பு, ரவை என்று மளிகை வந்த உறைகள் 38. ஆன்லைனில் வாங்கிய பொருள்களின் உள்ளுறைகள், குமிழ் குமிழாக இருக்குமே, பேரன் டப்பு டப்பென்று உடைப்பானே, அது உட்பட 33. காய்கறி கவர் 27. பூ வாங்கிய கவர் 12. இட்லி மாவு பாக்கெட் 8. ஷாம்பு வகையறா 7. இன்னபிற 19. கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள், 291 வரும்.

எல்லா வீடும் எங்கள் வீடு மாதிரியே என்று வைத்துக்கொண்டால், நம் 96 வீட்டுக்கும் சேர்த்து மாதம் 27,936. நம்மில் சில வீடுகளில் இரண்டு பேர்தான் இருக்கிறீர்கள், சில வீடுகளில் ஏழு பேர். முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் கீழே பேஸ்மென்ட்டில் நம் குப்பையைப் பிரிக்கிற இரண்டு பெண்களிடம் போய்க் கேளுங்கள், இந்த எண் அதிகம் என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை உபயோகித்துத் தூக்கி எறியும் 14 வகைப் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. தூக்குப் பை எந்தத் தடிமனானாலும் கூடாது, சாப்பாட்டு மேஜையில் விரிக்கும் தாள் கூடாது, ஸ்ட்ரா கூடாது, தண்ணீர் பாக்கெட் கூடாது. உள்ளே மெழுகு போலப் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. பலருக்கு இது தெரியாது, காகிதம்தானே என்று நினைக்கிறோம். ஜவுளிக்கடையில் தருகிறார்களே, துணி மாதிரி தோன்றும் பை, அதுவும் பிளாஸ்டிக்தான், அதுவும் பட்டியலில் உண்டு. சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் நூல் பிரித்துப் பாருங்கள். நூல் வந்தால் துணி. பஞ்சு போலக் கிழிந்தால் பிளாஸ்டிக். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதற்குமாக இன்னொரு தடைப் பட்டியலும் வந்தது. பலூன் குச்சி, ஐஸ்கிரீம் குச்சி, அலங்காரத் தெர்மாகோல், ஸ்வீட் பெட்டியைச் சுற்றும் பிளாஸ்டிக் தாள் எல்லாம் அதில் இருக்கின்றன. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியதும், கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் வைத்ததும் உங்களுக்குத் தெரியும். சட்டம் இருக்கிறது. சட்டம் நம் சமையலறைக்குள் வந்து எட்டிப் பார்க்காது, அவ்வளவுதான்.

நாம் போடுகிற குப்பை எங்கே போகிறது? தென்சென்னைக் குப்பை பல பத்தாண்டுகளாகப் பெருங்குடிக்குப் போனது, வடசென்னைக் குப்பை கொடுங்கையூருக்கு. பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியே இருக்கிறது. அந்தச் சதுப்பு நிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற நிலம், பூநாரைகள் வந்து இறங்குகிற இடம். மழைக்காலத்தில் தென்சென்னையின் வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொள்கிற தொட்டியும் அதுதான். 2015 டிசம்பரில் நம்மில் பலர் முதல் மாடிக்குச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஓடியதை மறந்திருக்க மாட்டோம். வெள்ளத்துக்கு ஆயிரம் காரணம் உண்டு, கவர் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நம் தெருமுனை மழைநீர் வடிகாலைத் தூர் வாரும்போது மேலே வருவது என்னவென்று ஒவ்வொரு ஐப்பசியிலும் பார்க்கிறோம்.

பிளாஸ்டிக் எல்லாம் ஒன்றல்ல. தண்ணீர் பாட்டில் பெட் வகை. அதற்குப் பழைய பேப்பர்க்காரரிடம் விலை உண்டு, அது நூலாகித் துணியாகவே மாறிவிடுகிறது. பால் கவர் பாலித்தீன். கழுவிக் காய வைத்துக் கொடுத்தால் அதையும் எடுத்துக்கொள்கிறார். சிப்ஸ் பாக்கெட்டும் பிஸ்கட் உறையும் அப்படி இல்லை. உள்ளே வெள்ளி மாதிரி பளபளக்கிறதே, அது பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டியது. பிரிக்க முடியாது, அதனால் காயலான் கடையில் அதை ஒருவரும் தொடுவதில்லை. போனால் சிமென்ட் ஆலைக்கு எரிபொருளாகப் போகும், இல்லாவிட்டால் குப்பை மேட்டிலேயே கிடக்கும். எனவே நம் கணக்கில் 60 பால் கவரை விட 41 நொறுக்குத் தீனி உறைதான் மோசமான கணக்கு. வங்கி மொழியில் சொன்னால் முன்னது வசூலாகக்கூடிய கடன், பின்னது வாராக்கடன்.

இதைச் சொன்னதும் எதிர்வீட்டு நண்பர் கேட்டார், "பிளாஸ்டிக்கில்தான் ரோடு போடுகிறார்களே சார்?" உண்மைதான். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கண்டுபிடித்த முறை அது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். துண்டு துண்டாக வெட்டிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியில் தூவினால் அது ஜல்லி மேல் பூச்சாகப் படிந்துகொள்ளும், பிறகு தார். ஆனால் அதற்குப் போகிற பிளாஸ்டிக் சுத்தமாக, உலர்ந்து இருக்க வேண்டும். நேற்றைய குழம்போடு முடிச்சுப் போட்ட கவர் ரோட்டுக்கும் போகாது, எங்கும் போகாது.

பால் கவரில் ஒரு சின்ன விஷயம். கவரை வெட்டும்போது மூலையைத் தனியாக நறுக்கி எறியாதீர்கள். நகம் அளவுத் துண்டை யாராலும் பொறுக்க முடியாது. அது சிங்க் வழியாகவோ கூட்டும்போதோ சாக்கடைக்குப் போய்விடும். நாளைக்கு இரண்டு பாக்கெட் என்றால் நம் 96 வீட்டுக்கும் வருடத்துக்கு 70,080 துண்டு. பாதி வெட்டி, துண்டு கவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்படி விட்டுவிடுங்கள். கவரைக் கால் டம்ளர் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு, கவரைக் குழாய் மேல் காயப் போடலாம். எங்கள் வீட்டில் இதுதான் என் வேலை.

அந்த 291ஐ எப்படிக் குறைத்தோம் என்று சொல்கிறேன். எளிதானதிலிருந்து தொடங்கினோம். பூ. பூக்கார அம்மாவிடம் ஒரு சின்ன எவர்சில்வர் சம்படத்தை நீட்டினேன். "முன்னெல்லாம் வாழை இலையிலதான் சார் கட்டித் தருவோம்" என்று அவரே சந்தோஷமாக முழம் போட்டுத் தந்தார். 12 கோடு அதோடு சரி. காய்கறிக்கு மூன்று மெல்லிய பருத்திப் பைகள். பழைய வேட்டியைக் கிழித்து என் மனைவி தைத்தது. தக்காளி ஒன்றில், மற்றதெல்லாம் ஒன்றில், கீரை தனியாக. வீட்டுக்கு வந்ததும் கொத்தமல்லியை ஈரத்துணியில் சுற்றி எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் கவரில் வைப்பதை விட இரண்டு நாள் கூடத் தாங்குகிறது. பை மறக்கிறது என்பதுதான் எல்லோருடைய புகாரும். பையை வீட்டில் வைத்தால் மறக்கத்தான் செய்யும். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் ஒன்று, காரில் இரண்டு, என் மருமகளின் ஆபீஸ் பையில் சுருட்டி ஒன்று என்று பையை வழியிலேயே போட்டு வைத்துவிட்டோம்.

கறி, மீன் வாங்குகிறவர்கள் கருப்புக் கவருக்குப் பதில் மூடியுள்ள பாத்திரம் கொண்டுபோகலாம். "பாத்திரத்து எடையையும் சேர்த்துப் போட்டுவிடுவார்களே" என்ற கவலை வேண்டாம். இப்போது எல்லாக் கடையிலும் எலக்ட்ரானிக் தராசுதான். காலிப் பாத்திரத்தை வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் எண் பூஜ்யமாகிவிடும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது நம் பொறுப்பு. கணக்குப் பார்ப்பதில் வெட்கம் என்ன?

மளிகை கொஞ்சம் கஷ்டம். பெரிய கடைகளில் எல்லாமே பாக்கெட்டில்தான். ஆனால் நம் பின் தெருவில் மூட்டையிலிருந்து எடுத்து நிறுத்துத் தருகிற கடை இன்னும் இருக்கிறது. துவரம் பருப்பு, பச்சரிசி, உளுந்து, மிளகாய் ஆகியவற்றை அங்கே காகிதப் பொட்டலமாக வாங்குகிறோம். எண்ணெய்க்குச் செக்கில் தூக்கு கொண்டுபோனால் ஊற்றித் தருகிறார்கள். எல்லாவற்றையும் அங்கேயே வாங்குவதில்லை. உப்பு பாக்கெட்தான், ரவை பாக்கெட்தான்.

ஷாம்பு பற்றி ஒரு பக்கக் கதை. சின்னப் பாக்கெட்டில் ஷாம்பு விற்கும் யோசனையைப் பரப்பியவர் நம் கடலூர் சின்னி கிருஷ்ணன். பணக்காரர் வாங்குவதைக் கூலி வேலை செய்பவரும் வாங்க வேண்டும் என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணம். அன்றாடம் சம்பளம் வாங்குகிறவருக்கு ஒரு ரூபாய்ப் பாக்கெட்டுதான் முடியும், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் மூன்று படுக்கையறை ஃப்ளாட்டில் இருந்துகொண்டு நாமும் சரம் சரமாக அதைத் தொங்கவிடுவதற்கு என்ன காரணம்? பழக்கம்தான். பெரிய பாட்டில் வாங்கினோம், என் மனைவி சீயக்காய்க்குத் திரும்பிவிட்டாள். 7 கோடு 4 ஆனது.

இப்போது நான் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். இட்லி மாவு. எட்டுக் கோட்டைப் பூஜ்யமாக்கினோம் என்று சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு போய்விடலாம். ஆனால் அந்தக் கோடுகள் எதற்காக விழுந்தன? என் அம்மா விடியற்காலையில் ஆட்டுக்கல்லில் அரைத்தாள். என் மனைவி கிரைண்டரில் அரைத்து, கழுவி, துடைத்து, இருபது வருடம் வேலைக்கும் போய் வந்தாள். என் மருமகள் ராத்திரி எட்டு மணிக்குத்தான் வீடு திரும்புகிறாள். மாவு பாக்கெட்டும், ஓட்டல் பார்சலும், நறுக்கிய காயும் வீட்டுக்குள் வந்தது சோம்பேறித்தனத்தால் என்று மேடையில் பேசுகிற ஆண்கள் பலர் ஒரு நாளும் கிரைண்டர் கழுவியவர்கள் இல்லை. பிளாஸ்டிக் குறைகிறது என்று சொல்லி அந்த வேலையை மறுபடியும் பெண்கள் தலையில் இறக்கினால் அது கணக்கைச் சரி செய்தது ஆகாது, ஒரு பேரேட்டிலிருந்து இன்னொரு பேரேட்டுக்கு மாற்றி எழுதியதுதான். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாவு அரைப்பது என் மகனும் நானும். முதல் வாரம் உளுந்து சரியாகப் பொங்கவில்லை, இட்லி கொஞ்சம் கெட்டி. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவி மட்டும் ஒரு சிரிப்புச் சிரித்தாள். இப்போது பரவாயில்லை. உங்கள் வீட்டில் அரைக்க ஆள் இல்லையா? மாவுக் கடைக்குத் தூக்கு கொண்டுபோங்கள். நம் கேட்டுக்கு எதிரே இருக்கிற கடையில் ஊற்றித் தருகிறார்கள், கவர் விலை மிச்சம் என்று கூட ஒரு கரண்டி போடுகிறார்கள்.

ஓட்டல் பார்சலும் அப்படித்தான். நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. நடந்து போகிற தூரத்து ஓட்டலுக்கு மட்டும் டிபன் கேரியர் கொண்டுபோகிறோம். கொதிக்கிற சாம்பாரை மெல்லிய கவரில் ஊற்றி ரப்பர் பேண்டு போடுவதைப் பார்த்தால் சுற்றுச்சூழல் கிடக்கட்டும், நம் வயிற்றை நினைத்தாவது வேண்டாம் என்று தோன்றுகிறது. செயலியில் ஆர்டர் செய்யும்போது கரண்டி வேண்டாம் என்று குறிக்க ஒரு கட்டம் இருக்கும், அதைத் தொடுங்கள். 46 என்பது 21 ஆனது. பூஜ்யம் ஆகவில்லை, ஆகவும் ஆகாது.

டிசம்பர் மாதம் மறுபடி எண்ணினோம். 31 நாளில் மொத்தம் 174. பால் கவர் 62, அதில் அசைவில்லை. காய்கறி கவர் 27லிருந்து 4. நொறுக்குத் தீனி 41லிருந்து 26. பேரனின் அடம் அதற்குமேல் இறங்க விடவில்லை. மொத்தத்தில் நூற்றுக்கு நாற்பது குறைந்திருக்கிறது. இதற்காக நாங்கள் கூடுதலாகச் செலவழித்தது ஒன்றுமில்லை. வேட்டி பழையது, சம்படம் கல்யாணச் சீர்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், அலமாரியில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாக்களையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டு, புதிதாக எவர்சில்வரும் கண்ணாடியும் வாங்கத் தொடங்காதீர்கள். நன்றாக இருக்கிற டப்பா உழைக்கட்டும். சூடான பதார்த்தத்தை மட்டும் அதில் போடாதீர்கள், மைக்ரோவேவில் வைக்காதீர்கள், போதும். என் அம்மா பின்னிய வயர் கூடை ஒன்று வீட்டில் இருக்கிறது. பச்சையும் வெள்ளையும் கட்டம் போட்டது, முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்றைக்கும் அதில்தான் தேங்காய் வாங்குகிறோம். அதுவும் பிளாஸ்டிக்தான். அதோடு எனக்குச் சண்டை இல்லை. நிலையான சொத்தையும் அன்றாடச் செலவையும் ஒரே தலைப்பில் எழுதக்கூடாது என்பது காமர்ஸில் முதல் வருடப் பாடம்.

நவராத்திரிக்கும் வரலட்சுமி விரதத்துக்கும் வெற்றிலை பாக்கோடு கொடுக்கிற பிளாஸ்டிக் கிண்ணம், குட்டிக் கூடை பற்றியும் ஒரு வார்த்தை. அவை யாருக்கும் உபயோகப்படுவதில்லை. வாங்கியவர் அடுத்த வருடம் இன்னொருவருக்குக் கொடுக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து போன ரோஸ் நிற டப்பா ஒன்று இரண்டு வருடத்தில் நான்கு மாடி ஏறி இறங்கி எங்களிடமே திரும்பியது. ஒரு மஞ்சப்பையோ, கைக்குட்டையோ, கால் கிலோ பாசிப்பருப்போ கொடுத்தால் வாங்குகிறவர்கள் வேண்டாம் என்றா சொல்லப் போகிறார்கள்?

இனி சங்கத்தின் விஷயத்துக்கு வருகிறேன். இன்றைய அஜெண்டாவில் மூன்றாவதாக இருப்பது நான் கொண்டுவந்த தீர்மானம். சங்கமே 150 எவர்சில்வர் தட்டும் 150 டம்ளரும் வாங்கி, நம் ஹாலில் நடக்கும் விசேஷங்களுக்குத் தர வேண்டும் என்பது. போன கூட்டத்தில் இதைச் சொன்னபோது எல்லோரும் நல்ல யோசனை என்றீர்கள். யார் கழுவுவது என்று ஒருவர் கேட்டதும் எல்லோரும் மேலே ஃபேனைப் பார்த்தீர்கள். நியாயமான கேள்வி. அதனால் கணக்கோடு வந்திருக்கிறேன்.

பாத்திரக் கடையில் விசாரித்ததில் நடுத்தரத் தட்டு 120 ரூபாய், டம்ளர் 40 ரூபாய். 150 தட்டு 18,000, 150 டம்ளர் 6,000. ஆக 24,000. வீட்டுக்கு 250 ரூபாய். ஹால் ரிஜிஸ்டரைப் பார்த்தேன். போன வருடம் பிறந்தநாள், சீமந்தம், நிச்சயதார்த்தம் என்று 22 விசேஷம் நடந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தூக்கி எறிகிற தட்டு, கப், கரண்டிக்குச் சராசரியாக 1,000 ரூபாய் செலவானதாக, நடத்தியவர்கள் சிலரிடம் கேட்டதில் தெரிந்தது. வருடம் 22,000. கழுவுகிறவர்களுக்கு விசேஷத்துக்கு 600 ரூபாய் கொடுத்தால் 13,200. மிச்சம் 8,800. போட்ட முதல் திரும்ப மூன்று வருடத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். ஒரே வருடத்தில் லாபம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எவர்சில்வர் தட்டு மூன்று வருடத்தில் தேய்ந்து போகிற பொருள் இல்லை.

தட்டு தொலைந்தால்? எடுத்துப் போகிறவர் 500 ரூபாய் டெபாசிட் கட்டட்டும், எண்ணித் திருப்பிக் கொடுத்ததும் வாங்கிக்கொள்ளட்டும். டெபாசிட் வைத்தால் பொருள் திரும்பி வரும் என்பதற்கு நம் அரசே சாட்சி. நீலகிரி மாவட்டத்தில் 2022இல், டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பினால் அதைக் கொடுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். காட்டில் உடைந்து கிடந்து யானையின் காலைக் குத்தும் பாட்டில்கள் கடைக்கே திரும்பி வரத் தொடங்கின. பொதுக்கூட்டத்தில் டாஸ்மாக்கை உதாரணம் காட்டியதற்குத் தாய்மார்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நல்ல கணக்கு எங்கே இருந்தாலும் எனக்குக் கண்ணில் படும்.

கடைசியாகப் பேஸ்மென்ட். நம் 96 வீட்டுக் குப்பையையும் தினமும் இரண்டு பெண்கள் பிரிக்கிறார்கள். நாம் முடிச்சுப் போட்டுப் போடும் ஒவ்வொரு கருப்புக் கவரையும் அவர்கள் கையால் பிரிக்கிறார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல். போன ஆடி மாதம் அப்படி ஒரு கவருக்குள் சாதத்தோடு கலந்து உடைந்த கண்ணாடி டம்ளர் இருந்தது. ஒருவருக்கு விரலில் நான்கு தையல். பத்து நாள் வேலைக்கு வர முடியவில்லை. நாம் தந்த உறை வழுக்குகிறது என்பதால் அவர்கள் அதைப் போட்டுக்கொள்வதில்லை. கைக்குப் பிடிக்கும் உறை வாங்கித் தர வேண்டியது சங்கத்தின் பொறுப்பு, செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

நம் பொறுப்பு வேறு. ஈரக் குப்பைக்குக் கவரே வேண்டாம். பக்கெட்டின் அடியில் இரண்டு செய்தித்தாளை மடித்துப் போட்டு அப்படியே கொட்டிவிடலாம், பிறகு பக்கெட்டை ஒரு குவளை தண்ணீரில் அலசினால் போதும். கவர் போட்டால் நம் உரத்தொட்டிக்குப் போகும்முன் அதைக் கிழித்துப் பிரிக்க வேண்டியது அவர்கள்தான். உடைந்த கண்ணாடி, பிளேடு, ஊசி எதுவானாலும் கெட்டிக் காகிதத்தில் சுற்றி, மேலே எழுதி, கையில் கொடுங்கள். சானிட்டரி நாப்கினைத் தனியாகச் செய்தித்தாளில் சுற்றி ஒரு சிவப்புக் குறி போடுங்கள். திடக்கழிவு விதிகளும் அதைத் தனியாகச் சுற்றித்தான் கொடுக்கச் சொல்கின்றன. உலர் குப்பையை அலசிக் காய வைத்துத் தனிப் பையில் சேர்த்து சனிக்கிழமை மட்டும் கீழே வையுங்கள். அதில் வரும் பழைய பேப்பர்க்காரர் பணம் அந்த இரண்டு பேருக்கே போகட்டும் என்பதும் தீர்மானத்தில் இரண்டாவது வரியாக இருக்கிறது. நாம் அழுக்காகப் போட்டால் அந்தப் பையின் விலை குறைவது அவர்களுக்குத்தான்.

கழுவுகிற கூலி 600 என்று நான் போட்டிருப்பது என் மதிப்பீடு. கையைத் தூக்குமுன், அது போதுமா என்று அவர்களையே இங்கே கூப்பிட்டுக் கேட்டுவிடலாம். 800 வேண்டும் என்றால் மிச்சம் 4,400 ஆகும், முதல் திரும்ப ஐந்தரை வருடம் ஆகும். அப்போதும் என் ஓட்டு ஆதரவுதான். எதிர்த்து ஓட்டுப் போடுகிறவர்களும் தங்கள் கணக்கைச் சொன்னால் எழுதிக்கொள்கிறேன்.

எண்ணிப் பார்க்க விருப்பமுள்ள வீடுகளுக்குக் கோடு போட்ட தாள் அச்சடித்து அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். வாட்ச்மேன் மேஜையிலும் ஒரு கட்டு இருக்கிறது. வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் பேனாவை அதன் கையில் கொடுத்துவிடுங்கள். அடுத்து பொருளாளர் வரவு செலவு படிக்க வேண்டும், மணி ஏழரை ஆகிவிட்டது. மைக்கை அவரிடம் கொடுக்கிறேன். காப்பி எவர்சில்வர் டம்ளரில்தான் வருகிறது, குடித்துவிட்டுத் தட்டிலேயே திருப்பி வையுங்கள்.